'ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் ஜி!' - சென்னை ஐடி மறந்துபோன ஒரு கணக்குப் பாடம்

ராத்திரி எட்டரைக்குத் தரமணியில் பறக்கும் ரயில் ஏறினால், திருமயிலையில் இறங்குவதற்குள் குறைந்தது மூன்று பேராவது போனில் இதைச் சொல்வது காதில் விழும்: "ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் ஜி." முடியாது என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ரெண்டு நாள் ஒரு எக்ஸெல் ஷீட்டில் ஏறும். ஷீட் மேலே போகும். மேலே போனது கிளையன்ட்டுக்கு வாக்குறுதியாகும். கடைசியில் யாரோ ஒருவருடைய சனி, ஞாயிறு காலியாகும்.

மாட வீதியை ஒட்டிய சந்தில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கும் வீட்டிலும் அப்படி ஒருவன் உண்டு. போன தை மாதம் தங்கை நிச்சயதார்த்தத்தை, லேப்டாப்பில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ காலில்தான் பார்த்தான். காரணம், ரிலீஸ் வீக்கெண்ட்.

"அந்த ரிலீஸ் தேதியை யாருடா முடிவு பண்ணா?" என்று கேட்டேன்.

"தெரியல மச்சி. நான் புராஜெக்ட்ல சேரும்போதே அது இருந்துச்சு."

பெரிய சாஃப்ட்வேர் புராஜெக்ட்டுக்குத் தேதி சொல்வது அனுபவத்தில் வரும் கலை என்று பொதுவாகச் சொல்வார்கள். இல்லை, அதைப் பாடமாகப் படிக்கலாம், கணக்குப் போட்டுச் சொல்லலாம் என்று வாழ்நாளின் பின்பாதி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. அமெரிக்கர். 2000-ம் ஆண்டில் அவர் பெயரிலேயே ஒரு சாஃப்ட்வேர் தர நிறுவனம் தொடங்கப்பட்டது. எங்கே தெரியுமா? சென்னையில். டைடல் பார்க் திறக்கப்பட்ட அதே ஆண்டு. ஐடியில் இருக்கும் நண்பர்கள் பத்துப் பேரிடம் இவரைப் பற்றிக் கேட்டேன். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. ஆனால், இவர் ஆரம்பித்து வைத்த ஒன்று அவர்களில் பலருடைய ஆபீஸ் ரிசப்ஷனில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது.

தேதி இருக்கு... பிளான் எங்கே?

1966. கம்ப்யூட்டர் உலகின் பெரியண்ணனாக இருந்த ஐபிஎம்மில், சாஃப்ட்வேர் உருவாக்கும் பொறுப்பு ஹம்ஃப்ரி கைக்கு வருகிறது. 7 நாடுகள், 15 ஆய்வகங்கள், சுமார் 4,000 இன்ஜினீயர்கள். எல்லா புராஜெக்ட்டும் லேட். ஒவ்வொரு குழுவிடமும் போய் "உங்க பிளானைக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். யாரிடமும் இல்லை. தேதி மட்டும்தான் இருந்தது. என் ரூம்மேட் கதைதான், அறுபது வருஷம் முன்னால்!

ஹம்ஃப்ரி மேலிடத்துக்குப் போய் ஓர் அனுமதி வாங்கினார். பிளான் இல்லாத எதற்கும் இனி தேதி அறிவிக்கக் கூடாது, அந்தப் பிளானை வேலை செய்யப்போகிறவர்களே போட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் ஒரு தேதிகூடத் தவறவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

இதே ஐபிஎம்மில் இதற்குச் சற்று முன் ஓஎஸ்/360 என்ற பிரமாண்ட புராஜெக்ட்டை நடத்திச் சூடுபட்டவர் ஃப்ரெட் புரூக்ஸ். 1975-ல் அவர் எழுதிய 'தி மித்திக்கல் மேன்-மன்த்' புத்தகத்தில் சொன்ன விஷயம் இன்று விதியாகவே ஆகிவிட்டது: தாமதமான புராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால், அது இன்னும் தாமதமாகும். காரணம் எளிது. ஐந்து பேர் கொண்ட டீமில் ஒருவரோடு ஒருவர் பேச 10 இணைப்புகள் போதும். பத்துப் பேர் என்றால் 45. ஐம்பது பேர் என்றால் 1,225. போதாக்குறைக்கு, புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்பவர் ஏற்கெனவே மூச்சுமுட்ட வேலை பார்க்கும் பழைய ஆள். 'ரிசோர்ஸ் ஆட் பண்றோம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் டீம் லீடுகள் முகம் போகிற போக்கை இனி கவனியுங்கள்.

ரிசப்ஷனில் மாட்டிய ஐந்து

ஐபிஎம்மில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு 1986-ல் ஹம்ஃப்ரி, பிட்ஸ்பர்க் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்வேர் இன்ஜினீயரிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் 1984-ல் தொடங்கப்பட்டது அது. ராணுவத்துக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம் என்று வருகிறவர்களில் யாரை நம்பலாம்? அதற்கு விடையாக வந்ததுதான் சிஎம்எம். இப்போது சிஎம்எம்ஐ என்கிறோம். 1991-ல் முதல் பதிப்பு.

ஐந்து நிலைகள். முதல் நிலையில் வேலை எப்படியோ முடியும், பெரும்பாலும் யாரோ ஓர் 'ஹீரோ' ராத்திரி கண்விழிப்பதால். இரண்டாம் நிலையில், போன முறை செய்ததை இந்த முறையும் செய்ய முடியும். மூன்றில் அந்த வழிமுறை நிறுவனம் முழுக்க எழுதிவைக்கப்பட்டிருக்கும். நான்கில் எல்லாம் எண்களால் அளக்கப்படும். ஐந்தில் அந்த எண்களைப் பார்த்து வழிமுறையையே மாற்றிக்கொள்வார்கள்.

இரண்டாம் நிலை என்றால் என்ன என்று மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். 'அலங்காரம் முடியல, தேரை அடுத்த வாரம் இழுக்கலாம்' என்று யாரும் சொல்வதில்லை. எந்த முனையில் தேர் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்ற போன வருஷக் கணக்கு இருக்கிறது. சாஃப்ட்வேரில் என்ன சிக்கல் என்றால், ஒவ்வொரு முறையும் தேரும் வேறு, வீதியும் வேறு.

சிஎம்எம்மை இந்தியா பிடித்துக்கொண்ட வேகம் அசாத்தியமானது. பெங்களூருவில் இருந்த மோட்டோரோலா மையம் 1993-லேயே ஐந்தாம் நிலையைத் தொட்டது. சென்னையின் போலாரிஸ், சிஎம்எம்ஐ ஐந்தாம் நிலையை அடைந்த உலகின் முதல் நிறுவனம் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. 2000-களின் தொடக்கத்தில் உலகில் ஐந்தாம் நிலை பெற்றிருந்த அமைப்புகளில் பாதிக்கும் மேல் இந்தியாவில் இருந்தவை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். முன்பின் பார்த்திராத நாட்டிலிருந்து வேலை கேட்பவருக்கு அந்தச் சான்றிதழ் ஒரு விசா மாதிரி.

அப்படியானால் ஐந்தாம் நிலை நிறுவனத்தில் ஏன் இன்னும் சனிக்கிழமை வேலை? ஹம்ஃப்ரியையே உறுத்தியது கிட்டத்தட்ட இந்தக் கேள்விதான். நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்று சிஎம்எம் சொன்னது. காலையில் ஆபீஸ் வந்து உட்காரும் தனி ஆள், தன் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு

அறுபது வயதைத் தாண்டியிருந்த ஹம்ஃப்ரி 1989-ல் ஒரு வேலை செய்தார். ஐந்தாம் நிலை நிறுவனம் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரே ஆள் செய்தால் என்ன ஆகும் என்று தானே உட்கார்ந்து 60-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன புரோகிராம்களை எழுதிப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் பர்சனல் சாஃப்ட்வேர் பிராசஸ், சுருக்கமாக பிஎஸ்பி. பின்னர் டீம்களுக்காக வந்தது டீம் சாஃப்ட்வேர் பிராசஸ், டிஎஸ்பி. (மாயாவதி கட்சியும் போலீஸ் அதிகாரியும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

பிஎஸ்பி வகுப்பில் முதல் நாள் புதிதாக எதையும் கற்றுத்தர மாட்டார்கள். 'நீங்கள் வழக்கமாக எழுதுகிற மாதிரியே புரோகிராம் எழுதுங்கள், ஆனால் மூன்றைக் குறித்து வையுங்கள்' என்பார்கள். எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு பெரிய புரோகிராம், எத்தனை பிழைகள். நேரம் நிமிடக் கணக்கில். நடுவில் டீ குடிக்கப் போனால், போன் வந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி: என்ன வகை, எந்தக் கட்டத்தில் உள்ளே புகுந்தது, எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தோம், சரிசெய்ய எத்தனை நிமிடம்.

சில புரோகிராம்கள் முடிந்ததும் உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாத எண்கள் கையில் இருக்கும். அடுத்த புரோகிராமுக்கு எஸ்டிமேட் கேட்கும்போது, நேரத்தை நேரடியாகச் சொல்ல விடமாட்டார்கள். முதலில் அளவு. டைல்ஸ் போட வருகிற மேஸ்திரி, 'எத்தனை நாள் ஆகும்?' என்று கேட்டால் என்ன சொல்வார்? 'எத்தனை சதுர அடி சார்?' என்பார். அதேதான். வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் நீங்கள் முன்பு எழுதிய எதைப் போல இருக்கிறது, சின்னதா, நடுத்தரமா, பெரியதா என்று பார்த்து மொத்த அளவைப் போடுகிறீர்கள். பிறகு உங்களுடைய பழைய வேகத்தால் அதை நேரமாக மாற்றுகிறீர்கள். நீங்கள் எப்போதும் குறைத்தே சொல்கிற ஆள் என்றால், அதையும் உங்கள் பழைய கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பிழைக் கணக்கு இன்னும் அதிர்ச்சி தரும். அனுபவசாலிகள்கூட ஏழு முதல் பத்து வரிக்கு ஒரு பிழை விடுகிறார்கள் என்பது ஹம்ஃப்ரி திரட்டிய தரவு. கம்பைலர் உடனே பிடித்துவிடும் எழுத்துப் பிழைகளும் இதில் சேரும், உண்மைதான். ஆனால் பிடிபடாதவை டெஸ்டிங்கில் வரும், அதையும் தாண்டியவை கஸ்டமர் போனில் வரும். எழுதிய அன்றே தானே படித்துப் பார்த்தால் சில நிமிடங்களில் போகக்கூடிய பிழை, டெஸ்டிங்கில் மணிக்கணக்கைத் தின்னும். பெரிய புராஜெக்ட்டுகளில் 'கோடிங் முடிஞ்சாச்சு' என்று சொல்லி மாதக்கணக்கில் இழுப்பது இதனால்தான். கடைசியில் நடப்பது டெஸ்டிங் அல்ல, முன்பு தள்ளிப்போட்ட வேலை.

இந்தக் கட்டுரையை வைத்து நானும் முயன்று பார்த்தேன். எடிட்டரிடம் சொன்ன எஸ்டிமேட் 5 மணி நேரம். ஸ்டாப்வாட்ச் காட்டியது 11 மணி 40 நிமிடம். அதில் டைப் செய்தது 4 மணி நேரம்தான். மீதியெல்லாம் படித்தது, தகவல் சரிபார்த்தது, பாதியை அழித்துத் திரும்ப எழுதியது. எழுதும் நேரத்தை நான் சரியாகத்தான் கணித்திருக்கிறேன். மற்றதை வேலை என்றே எண்ணவில்லை!

பிஎஸ்பியை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் கிரீஷ் சேஷகிரி. அமெரிக்காவின் பியோரியா நகரில் அவர் நடத்திய ஏஐஎஸ் நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை இருந்தது. பெருநிறுவனம் எல்லாம் இல்லை. ஆனால் 1999-ல் ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி தரும் சாஃப்ட்வேர் பிராசஸ் சாதனை விருது அதற்குத்தான் போனது.

வாரத்துக்கு 40 மணி நேரமா? நிஜமாவா?

இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நிமிடக் கணக்கில் குறிக்க ஆரம்பித்த டீம்கள் எல்லாமே முதலில் ஒரே விஷயத்தைப் பார்த்துத் திடுக்கிட்டன. வாரத்தில் 40 மணி நேரம் ஆபீஸில் இருந்தாலும், பிளானில் எழுதியிருக்கும் வேலைக்காகச் செலவாவது சுமார் 15 மணி நேரம்தான். நன்றாகப் பழகிய டீம் 20-ஐ ஒட்டி வரும். மீதி? மீட்டிங், மெயில், பழைய சிஸ்டத்தில் வந்த அவசரப் பிரச்சினை, பக்கத்து சீட்டுக்காரரின் சந்தேகம், டிரெய்னிங், லீவு. இதில் எதுவும் சோம்பேறித்தனம் இல்லை. எல்லாமே வேலைதான். பிளானில் இல்லாத வேலை.

கணக்குப் போடுவோம். எட்டுப் பேர் டீம், 3,200 மணி நேர வேலை என்று வையுங்கள். வாரம் 40 மணி நேரம் என்று வகுத்தால் 10 வாரம். ஷீட்டில் ஏறுவது இதுதான். வாரம் 15 மணி நேரம் என்று வகுத்தால்? கிட்டத்தட்ட 27 வாரம். வேலையும் அதே, ஆட்களும் அதே. நடுவில் இருக்கும் 17 வாரத்தைத்தான் சனி, ஞாயிறுகளிலும் நடுராத்திரிகளிலும் தேடிக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் லீடுகள் எஸ்டிமேட்டை ரெண்டால் பெருக்கிப் பாதுகாப்பு தேடுவது உண்டு. மேனேஜர் அதை ரெண்டால் வகுப்பதும் உண்டு. இருவர் கையிலும் தரவு இல்லாதபோது நடப்பது பேரம்தான், ரங்கநாதன் தெருவில் நடப்பது மாதிரி.

நாலு நாள், ஒன்பது மீட்டிங்

டிஎஸ்பி இந்தப் பேரத்தை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரப் பார்த்தது. புராஜெக்ட் தொடங்கும்போது டீம் முழுக்க நாலு நாள் ஓர் அறையில் உட்காரும். மொத்தம் ஒன்பது மீட்டிங். முதல் மீட்டிங்கில் மேனேஜ்மென்ட் வந்து, என்ன வேண்டும், ஏன் வேண்டும், எப்போதைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியேறும். ஆம், வெளியேறும். அதற்குப் பிறகு யார் என்ன பொறுப்பு, எந்த வரிசையில் செய்வது, எவ்வளவு அளவு, எங்கே எத்தனை பிழை வரும், என்னென்ன ரிஸ்க் என்பதையெல்லாம் டீமே பேசி முடிவு செய்யும். ஒவ்வொருவரும் வரப்போகிற வாரங்களுக்கான தன் வேலையைப் பத்து மணி நேரத்துக்கு உட்பட்ட துண்டுகளாக, தன் சொந்தக் கணக்கை வைத்துப் பிரிப்பார்கள். ஒருவர் தலையில் மட்டும் வேலை குவிந்தால் அங்கேயே பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஒன்பதாவது மீட்டிங்கில் மேனேஜ்மென்ட் திரும்ப வரும். 'ஏப்ரலில் கேட்டீர்கள். முழுசாக என்றால் ஆகஸ்ட். ஏப்ரலில்தான் வேண்டும் என்றால் இந்த ஆறு அம்சங்கள் மட்டும் வரும். கூடுதலாக மூன்று பேரை இப்போதே தந்தால் ஜூன்' என்று கணக்கோடு சொல்ல வேண்டியது டீமின் வேலை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மேனேஜ்மென்ட்டின் வேலை. முடியாது என்று ஜூனியர் ஒருவர் தனியாகச் சொன்னால் அது 'ஆட்டிட்யூட் பிராப்ளம்'. எட்டுப் பேர் தரவோடு சொன்னால் அது பிளான்.

வேலை நடக்கும்போதும் ஒரு கறாரான விதி உண்டு. ஒரு துண்டு வேலை முழுசாக முடிந்தால்தான் மதிப்பெண். பாதி முடித்ததற்குப் பாதி கிடையாது. 'தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சிருச்சு' என்றால் பூஜ்யம். ஸ்டேட்டஸ் காலில் மூன்று வாரமாகத் தொண்ணூறிலேயே நின்றுகொண்டிருக்கும் வேலைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏன் யாரும் செய்யல?

பாதிப் பதில்: ரொம்பக் கடினம். ஒவ்வொரு நிமிடத்தையும் குறிப்பது சலிப்பான வேலை. கையால் குறிப்பதில் தவறும் வரும். ஹவாய் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜான்சனும் ஆன் டிஸ்னியும் பிஎஸ்பி மாணவர்களின் தாள்களை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 1,500-க்கும் மேற்பட்ட தரவுப் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிழையைக் குறைக்க வந்த நோட்டிலேயே பிழை!

2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டார்கள். இன்று நமக்குத் தெரிந்த ஸ்பிரின்ட், ஸ்டாண்ட்-அப் எல்லாம் அந்தப் பக்கத்துக் காற்று. கஸ்டமருக்கு என்ன வேண்டும் என்று கஸ்டமருக்கே தெரியாதபோது நாலு நாள் உட்கார்ந்து பிளான் போட்டு என்ன பயன் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. வாராவாரம் மாறும் ஒரு ஸ்டார்ட்-அப் ஆப்புக்கு டிஎஸ்பியைச் சிபாரிசு செய்ய எனக்கும் தைரியம் இல்லை. ஆனால் அஜைல் என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது, தேதியை முன்பே எழுதிவைத்துவிட்டு, அதை ரெண்டு வாரத் துண்டுகளாக வெட்டுவதுதான். ஜிராவில் டிக்கெட் மாறுகிறது, ரிலீஸ் தேதி மாறுவதில்லை.

மீதிப் பதில் கசப்பானது. நம் ஊர் சர்வீஸ் நிறுவனங்களில் விலையும் தேதியும் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் டீமே உருவாகிறது. ஒன்பதாவது மீட்டிங் நடத்தவே அங்கே இடமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பிஎஸ்பியில் தனி ஆளின் எண்கள் அந்த ஆளுக்கே சொந்தம், அப்ரைசலுக்குத் தொடவே கூடாது என்பதில் ஹம்ஃப்ரி பிடிவாதமாக இருந்தார். தொட்டால் மறுநாளிலிருந்து எல்லோரும் பொய் எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கீ-போர்டில் கை பட்டதா என்று பார்க்கும் சாஃப்ட்வேரை லேப்டாப்பில் ஏற்றித் தரும் காலத்தில், 'உன் பிழைகளை நீயே எழுதி வை' என்றால் யார் எழுதுவார்?

ஹம்ஃப்ரி 2010-ல் காலமானார். சிஎம்எம்ஐ இப்போது ஐசாகா என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. பிஎஸ்பி, டிஎஸ்பி பாடப்பொருள்களைக் கார்னகி மெலன் நிறுவனம் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. டீமோ கம்பெனியோ ஒத்துழைக்காவிட்டாலும் முதல் பகுதியைத் தனியாகச் செய்யலாம். ஒரு ஷீட், நாலு பத்தி: என்ன வேலை, எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தீர்கள், நிஜத்தில் எவ்வளவு ஆனது, நடுவில் எத்தனை நிமிடம் போனது. பத்து வேலைக்குக் குறித்தால் ஏதோ ஒன்று தெரிய ஆரம்பிக்கும். ஆபீஸ் சிஸ்டத்தில் வேண்டாம், உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள்.

என் ரூம்மேட் ஐந்து வாரமாக எழுதுகிறான். அவனுடைய எஸ்டிமேட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள விகிதம் இப்போதைக்கு 2.4. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தான். "ரெண்டு நாள் இல்ல ஜி, அஞ்சு நாள் ஆகும்" என்றான். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை போல. "இல்ல ஜி, சும்மா சொல்லல. இதே மாதிரி நாலு வேலை எவ்ளோ ஆச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். வேணும்னா காட்டுறேன்."

"என்னடா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் கால் போடலாம்னாரு."